காற்று, தண்ணீர், வெயில், கொசு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சுகாதார விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்குகிற நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்கியவர்கள் அப்போது பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஊர் மாறும், ஆள் மாறுவார், கேள்வி மட்டும் மாறாது. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே குறித்து வைத்துப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். எல்லாரிடமும் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: எந்த ஆபத்து, எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கருவியையோ மருந்தையோ தேடுங்கள்.

1. சுற்றுச்சூழல்னா மரம், ஆறு, காடுதானே? அதுக்கும் என் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?

வெளியே இருந்து உடம்புக்குள் போவது, உடம்பின் மேல் படுவது எல்லாமே சுகாதாரக் கணக்கில் சுற்றுச்சூழல்தான். மூச்சில் போகும் புகை, குடிக்கும் தண்ணீர், படுக்கும் அறையின் சூடு, சுவரிலிருந்து உதிரும் பெயின்ட், வேலை இடத்துத் தூசி, இரவெல்லாம் கேட்கும் லாரிச் சத்தம் என்று எல்லாம் அதில் அடங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2012-ல் உலகில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, அதாவது சுமார் 1 கோடியே 26 லட்சம், இப்படிப்பட்ட சூழல் காரணங்களோடு தொடர்புடையது. அதில் பெரும்பங்கு தொற்றுநோய் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவைதான் முன்னால் நிற்கின்றன. இதைச் சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் அடுத்த கேள்வி.

2. காத்துல தூசி இருந்தா இருமல் வரும், சளி பிடிக்கும். அவ்வளவுதானே?

மூக்கை உறுத்துகிற பெரிய தூசியைவிட, உறுத்தாமல் உள்ளே போவதுதான் அதிகம் கெடுக்கும். 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்களைப் பி.எம். 2.5 என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இது சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் இதைப் பிடித்து வைக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்ச் சேரும். மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். அங்கே அழற்சி உண்டாகி ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. அதனால் காற்று மாசு என்பது நுரையீரல் பிரச்சினை மட்டுமல்ல, இதயப் பிரச்சினையும்கூட.

ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 10 மைக்ரோகிராம் என்று 2005-ல் வைத்திருந்த வழிகாட்டு அளவை, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பாதியாகக் குறைத்து 5 ஆக்கியது. ஒரு நாள் சராசரிக்கு 15. கீழ்மட்ட அளவிலும் பாதிப்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியதுதான் காரணம்.

3. வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கு. அப்ப காத்து நல்லாத்தானே இருக்கும்?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தரைமட்ட ஓசோன் என்கிற வாயு மேகமில்லாத, வெயில் கொளுத்தும் பிற்பகலில்தான் அதிகமாக உருவாகும். வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள வாயுக்கள் சூரிய ஒளியில் வினைபுரிந்து பிறப்பது அது. கண்ணுக்குத் தெரியாது; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உடனே மூச்சு இறுகும். கண்ணை நம்பாமல் காற்றுத் தர அளவீட்டைப் பாருங்கள். ஓடுவது, பந்து விளையாடுவது போன்றவற்றை ஓசோன் மிகுந்த நாளில் காலை நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

4. மாஸ்க் போட்டா போதுமா? எந்த மாஸ்க்?

துணி மாஸ்க் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. அறுவை சிகிச்சை மாஸ்க் ஓரளவு வடிகட்டும், ஆனால் கன்னத்துப் பக்கம் திறந்து கிடக்கும். என்95 வகை, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்கும் என்று சோதிக்கப்பட்டது. அந்தக் கணக்கு முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால் மட்டுமே செல்லும்.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மாஸ்க்கைப் போட்டு, மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, பலமாக மூச்சு விடுங்கள். கண்ணாடி அணிந்திருந்தால் அதில் ஆவி படியும். இல்லாவிட்டால் இமையில் சூடான காற்று படும். அப்படி இருந்தால் மேல்பக்கம் ஒழுகுகிறது என்று பொருள். தாடி இருந்தால் எத்தனை அழுத்தினாலும் ஒழுகும். இன்னொன்று: இந்த மாஸ்க் துகளைத்தான் தடுக்கும். ஓசோன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் தாராளமாக உள்ளே போகும்.

5. வீட்டுக்குள்ள இருந்தா பாதுகாப்புதானே? செடி வெச்சா காத்து சுத்தமாகும்னு சொல்றாங்களே?

வீட்டுக்குள் என்ன எரிகிறது என்பதைப் பொறுத்தது. விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் இவற்றின் அடுப்புப் புகையால் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. சுத்தமான எரிபொருளுக்கு மாறுவதே இதற்குப் பெரிய தீர்வு. அது கைகூடும்வரை, புகைபோக்கி, அடுப்புக்கு நேர் மேலே புகையை வெளியே தள்ளும் மின்விசிறி, காய்ந்த விறகு ஆகியவை குறைக்க உதவும்; முழுதாகத் தீர்க்காது. கொசுவிரட்டிச் சுருளும் சிகரெட்டும் அதே நுண்துகளைத்தான் தருகின்றன.

செடி பற்றிய நம்பிக்கை 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அது காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செய்த சோதனை. 2019-ல் வெளிவந்த மறுஆய்வு பழைய சோதனைகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டது: ஒரு சாதாரண கட்டடத்தில் தானாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால், சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை தேவை. அழகுக்கு வையுங்கள், வடிகட்டியாக நினைக்க வேண்டாம். ஹெப்பா என்கிற, நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள கருவி துகளை உண்மையிலேயே குறைக்கும். ஓசோன் வெளியிடும் கருவியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். காரணம் கேள்வி 3-ல் இருக்கிறது.

மின்தடையின்போது ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, திறந்த ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம் என்று போய், தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

6. தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சுட்டா எல்லாம் சரியாயிடுமா?

கிருமிக்குச் சரி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாம் செத்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். பத்து நிமிடம் கொதிக்க விடுவது எரிபொருள் வீண். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிய பிறகு கொதிக்க வையுங்கள். குளோரின் போடுவதாக இருந்தாலும் அப்படித்தான். போட்ட பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட், ஈயம் ஆகிய வேதிப்பொருள்களுக்குக் கொதிக்க வைப்பது தீர்வே அல்ல. தண்ணீர் ஆவியாகும், அவை தங்கிவிடும். அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். கிருமிக்கு ஒரு வழி, வேதிப்பொருளுக்கு வேறு வழி.

கொதித்த தண்ணீர் கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் பிறகுதான். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஊற்றி, குவளையை முக்கி எடுக்கும்போது விரல்நகம் தண்ணீரில் படுகிறதே, அங்கேதான். குறுகிய வாயும் மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் இருந்தால் அந்த விரல் உள்ளே போக வழியில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவுவது மட்டுமே வயிற்றுப்போக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத விஷயம் எனக்கு இது.

7. எங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, ருசியும் நல்லா இருக்கு. டெஸ்ட் எதுக்கு?

வங்கதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. தெளிந்த, கிருமி குறைந்த தண்ணீர் வந்தது. அதில் மண்ணிலிருந்து கரைந்த ஆர்சனிக் இருப்பது 1993-ல்தான் உறுதியானது. நிறமும் இல்லை, ருசியும் இல்லை. தோலில் புள்ளிகளும் உள்ளங்கையில் தடிப்பும் தெரியப் பல ஆண்டுகள் ஆகும், புற்றுநோய்க்கு இன்னும் அதிகம். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். ஒரு சோதனை விடுபட்டுப் போனது.

அங்கே பலனளித்த முதல் நடவடிக்கையும் சோதனைதான். ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, ஆர்சனிக் மிகுந்ததற்குச் சிவப்பும், குறைந்ததற்குப் பச்சையும் பூசினார்கள். பக்கத்துக் கிணறு பச்சை என்று தெரிந்ததும் பலர் அங்கே மாறினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆழ்குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள் ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட் மூன்றையும் ஆய்வகத்தில் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு வடிகட்டி தேவையா, எந்த வகை என்று யோசிக்கலாம்.

8. வெயில்ல சாகறது வயசானவங்கதானே? ஃபேன் போட்டுக்கிட்டா போதாதா?

முதியவர்களுக்கு ஆபத்து அதிகம், உண்மைதான். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய்க்கும் மனநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், வெளியில் உழைக்கிறவர்கள் எல்லாரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாள்களிலேயே சுருண்டு விழுவது உண்டு, உடம்பு இன்னும் பழகாததால். சூட்டில் செய்யும் புது வேலையை முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் செய்து, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும்.

வியர்வை ஆவியாவதுதான் உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. அதனால் வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்று 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெறும் ஃபேன் சூட்டைத்தான் உடம்பின் மேல் அள்ளி வீசும். தோலை நனைத்துக்கொண்டே இருங்கள். நாளில் இரண்டு மூன்று மணி நேரமாவது குளிர்ந்த இடத்தில் போய் உட்காருங்கள்.

ஒருவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறி, குழப்பமாக நடந்துகொண்டால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்கிற உயிராபத்தான வெப்பத் தாக்கு. வியர்வை இருந்தாலும் அதுதான். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, வரும்வரை காத்திராமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

9. புகை மருந்து அடிச்சுட்டுப் போனாங்க. அப்புறமும் ஏன் டெங்கு வருது?

அந்தப் புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அது ஓரிரு நாளில் கொசுவாகிக் கிளம்பும்.

பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகக்கண் அளவுகூட இல்லாத புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வரும். நிழல் பட்டதும் சட்டென்று அடியில் போய் ஒளியும். தண்ணீரைக் கொட்டினால் பாதி வேலைதான் முடிந்தது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் கறுப்பு மணல்போல ஒட்டியிருப்பவை டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள். தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். நாரால் தேய்த்துக் கழுவினால்தான் போகும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை தவறாமல்.

இந்தக் கொசு பகலில் கடிப்பது என்பதால், பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். வேறு வழிகளும் நிரூபணமாகி வருகின்றன. கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய கொசுக்களை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் விட்டுச் செய்த சோதனையில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது.

10. சத்தம்கூட நோய் உண்டாக்குமா? எனக்குப் பழகிப்போச்சு.

காதுக்குப் பழகும், இதயத்துக்குப் பழகாது. தூக்கத்தில் வண்டி கடக்கும்போது நீங்கள் விழிக்காவிட்டாலும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். சாலைச் சத்தம் சராசரி 53 டெசிபலுக்கும், இரவில் 45-க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் வகுத்த வழிகாட்டு அளவு. படுக்கையைச் சாலைப் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

11. பெட்ரோல்ல ஈயத்தை எடுத்துட்டாங்களே, இன்னும் ஏன் அதையே பேசறீங்க?

எடுத்தது மிகப் பெரிய வெற்றி. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. அங்கே 2021 ஜூலையில் நின்றது. ஆனால் பழைய பெயின்ட், பேட்டரி உருக்கும் பட்டறைகள், ஈயக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. அறிகுறியே தெரியாமல் கற்கும் திறன் குறையும், அது திரும்பி வருவதில்லை.

தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. ஈயத் தூசி போகும் வழி அதுதான். ஈரத் துணியால் துடையுங்கள், உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பிவிடும். பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் உரசாதீர்கள். பட்டறையில் வேலை செய்கிறவர் அந்த உடையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

12. எங்க தாத்தா புகையிலேயே உழைச்சார், தொண்ணூறு வயசு இருந்தார். உங்க ஆராய்ச்சியை எப்படி நம்பறது?

தாத்தா நெடுநாள் வாழ்ந்தது நல்ல விஷயம். அவரோடு வேலை செய்து ஐம்பதில் போனவர்கள் இன்று கதை சொல்ல இல்லை. ஒருவரை வைத்து முடிவு செய்ய முடியாததால்தான் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கு. அங்கிருந்த எஃகு ஆலை 1986-87-ல் சுமார் 13 மாதம் மூடிக் கிடந்தது. மக்கள் அதே மக்கள், குளிர்காலம் அதே குளிர்காலம், புகை மட்டும் குறைந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகள் மூடியிருந்த காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. காரணத்தை நீக்கினால் நோய் குறைகிறதா என்பதைவிட நேரடியான சாட்சி வேறு ஏது?

13. காத்து மோசம், வெயிலும் கொளுத்துது. ஜன்னலைத் திறக்கவா, மூடவா?

உண்மையிலேயே கடினமான கேள்வி. இரண்டு அறிவுரையும் முட்டிக்கொள்ளும்போது எது சீக்கிரம் கொல்லும் என்று பாருங்கள். கடும் வெப்பம் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும். நுண்துகள் பெரும்பாலானவர்களைப் பல ஆண்டுகளில் கெடுக்கும். குளிர்விக்க வேறு வழி இல்லாத வீடு அடுப்புபோலச் சூடேறினால், காற்று மோசமாக இருந்தாலும் திறந்துவிடுங்கள்.

அந்த நிலைக்கு வராமல் இருக்க, பகலில் வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் மூடித் திரையிடுங்கள். வெளிச்சூடு இறங்கியதும் திறவுங்கள், ஆனால் அந்த நேரத்து மாசு அளவைப் பார்த்து. கேள்வி 5-ல் சொன்ன ஹெப்பா கருவி இருந்தால் ஒரே ஒரு அறையில் வைத்து, ஆஸ்துமாக்காரரையோ இதய நோயாளியையோ அங்கே படுக்க வையுங்கள்.

14. எங்க தெருவுல இத்தனை பேருக்கு நோய். பக்கத்து ஆலைதான் காரணம்னு நிரூபிக்க முடியுமா?

நோயாளிகளை எண்ணி மட்டும் நிரூபிப்பது கடினம். சிறிய இடத்தில் தற்செயலாகவும் நோய்கள் கொத்தாக வரும். புற்றுநோய் போன்றவை வெளிப்படப் பத்து இருபது ஆண்டு ஆகும், அதற்குள் குடிவந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் நான் சொல்வது: நோயிலிருந்து தொடங்காமல், உடம்புக்குள் போவதிலிருந்து தொடங்குங்கள். தண்ணீரையும் காற்றையும் மண்ணையும் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். யார், எந்த நாள், எந்த நீர்மூலம், காற்று எந்தத் திசை என்று தேதியோடு குறித்து வையுங்கள்.

1854-ல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் செய்தது இதைத்தான். பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றி மரணங்களை வரைபடத்தில் குறித்தார். அதோடு நிற்காமல், ஒரே பகுதியில் இரண்டு நிறுவனங்களின் தண்ணீரைக் குடித்த வீடுகளை ஒப்பிட்டார். நகரத்துச் சாக்கடை கலந்த இடத்தில் தண்ணீர் எடுத்த நிறுவனத்தின் 10,000 வீடுகளுக்கு 315 மரணம். ஆற்றின் மேல்பகுதிக்கு மாறியிருந்த நிறுவனத்துக்கு 37. காலராக் கிருமியே காரணம் என்பதை அன்றைய மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை. காரணம் முழுக்கத் தெரியும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

15. அரசாங்கம் செய்ய வேண்டியதையெல்லாம் ஏன் எங்ககிட்ட சொல்றீங்க?

நியாயமான கோபம். மாஸ்க்கும் வடிகட்டியும் மழைக்குப் பிடிக்கும் குடை மாதிரி. வாங்க முடிந்தவருக்கு மட்டும். பெரிய மாற்றங்கள் எல்லாம் புகை கிளம்பும் இடத்திலேயே நடந்தவை. லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை கவிந்த புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஐரோப்பாவில் 2003 கோடையில் 70,000-க்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்தார்கள். பிரான்ஸ் மறு ஆண்டே எச்சரிக்கைத் திட்டம் கொண்டுவந்தது. 2006-ல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது, கணக்குப்படி எதிர்பார்த்ததைவிடச் சுமார் 4,400 மரணம் குறைவு.

எனவே வீட்டில் செய்யக்கூடியதைச் செய்துகொண்டே, மூன்றைக் கேளுங்கள்: உங்கள் குடிநீர்ச் சோதனை முடிவை வெளியிடச் சொல்லுங்கள், பள்ளி, மருத்துவமனை அருகே காற்று மாசை அளக்கும் கருவி வைக்கச் சொல்லுங்கள், வெப்ப எச்சரிக்கை வந்தால் தனியாக வாழும் முதியவர்களை யார் போய்ப் பார்ப்பது என்ற பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மூன்றாவதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உங்கள் தெருவில் அப்படி எத்தனை பேர், எந்த வீடு, எந்தத் தொலைபேசி எண் என்று இந்த வாரமே எழுதி வைத்துக்கொள்ளலாம்.